பேரு சொன்னாத்தான் பாட்டு

அந்த வருடங்களில் என் காது எந்நேரமும் கதவிலேயே கிடந்தது. கை பட்டன் தைக்கும், கண் ஊசியில் இருக்கும், காது மட்டும் தாழ்ப்பாளைக் காவல் காக்கும். வண்ணாரப்பேட்டை ரெடிமேட் கடைகளுக்குப் பட்டன் வைத்துக் கொடுப்பது என் வேலை. சட்டைகள் மூட்டையாக வீட்டுக்கு வரும், மூட்டையாகவே திரும்பிப் போகும். மூட்டையைப் பார்த்துவிட்டால் போதும், என் அப்பா எழுந்து நின்று, துண்டை உருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "எந்த ஷெட்டு?" என்று கேட்பார். ஆர்பரில், அதான் துறைமுகத்து ஷெட்டுகளில், மூட்டை தூக்கியே ஆயுளைக் கழித்தவர். "இது ஷெட்டுக்குப் போற மூட்டை இல்ல நைனா, குந்து" என்பேன். உட்கார மாட்டார். அந்த மனிதரை உட்கார வைப்பதுதான் அந்த நாட்களில் என் பிழைப்பாக இருந்தது. பட்டன் தைத்தது சும்மா இடைவேளையில்.

ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டிய ஹவுசிங் போர்டு கட்டடத்தில், மாடியில் இருந்தோம். ஓர் அறை, ஒரு சமையல் மூலை. ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். என் வீட்டுக்காரர் டிரைலர் ஓட்டுகிறவர். என்னைப் பார்த்ததை விட எண்ணூர் ரோட்டைத்தான் அதிகம் பார்த்திருப்பார். ஆகவே அந்த அறையில் பெரும்பாலும் நானும் அப்பாவும்தான், முட்டிக்கொண்டும் மோதிக்கொண்டும்.

அம்மா இருந்தபோதே அப்பாவுக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்திருந்தது. கடைக்குப் போய்விட்டு எதற்கு வந்தோம் என்று நிற்பார். அம்மா சிரித்து மழுப்பிவிடுவாள். பிறகு ஒரு நாள் அம்மாவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். சாவுக்கு அப்பாவும் இருந்தார். அழுதார், வாய்க்கரிசி போட்டார், காசிமேட்டுச் சுடுகாடு வரை நடந்தார். திரும்பி வந்து குளித்துத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "உங்கம்மா எங்க?" என்று கேட்டார்.

முதல் சில வாரங்கள் உண்மையைச் சொன்னேன். சொன்ன ஒவ்வொரு முறையும் அவருக்கு அது அப்போதுதான் நடந்தது. தரையில் விழுந்து அழுவார். அழுது முடித்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு, மறுபடி கேட்பார். ஒரே ஆளுக்கு ஒரே சாவை எத்தனை முறை சொல்வது? எனக்குப் பொறுக்கவில்லை. "மார்க்கெட்டுக்குப் போயிருக்குது" என்று சொல்ல ஆரம்பித்தேன். அது இன்னும் மோசமாகப் போனது. "தனியாவா போனா? நான் போய் பைய வாங்கியாறேன்" என்று கிளம்பிவிடுவார். பெண்டாட்டியின் பையைத் தூக்கப் போகிறவரை எந்தத் தாழ்ப்பாள் தடுக்கும்?

வெளியே போனால் ரோடு. ஆர்பர் கேட்டுக்காகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும், திடீரென்று மொத்தமாக நகரும். அப்பா அந்த இடுக்குகளில் புகுந்து புகுந்து அம்மாவைத் தேடுவார். ஒரு நாள் ஒரு டிரைவர் அவர் கையைப் பிடித்து மாடி வரை கூட்டிக்கொண்டு வந்தார். "யம்மா, இன்னா நெனச்சிகினு கீற நீ? சக்கரத்துக்கு முன்னாடி நின்னுகினு கீறாரு. ரிவர்ஸ் எட்த்திருந்தா பெரிசு காலி" என்று கத்தினார். நான் திருப்பிக் கத்தினேன். யாரிடமாவது கத்த வேண்டும்போல இருந்தது. அவர் போன பிறகுதான் நன்றி சொல்லாதது உறைத்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான், ஏதோ ஒரு சாயங்காலம் இவர் அம்மாவைத் தேடிப் போய் டயரில் கிடப்பார் என்று.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். இந்த நோய்க்கு மாத்திரை பெரிதாக எதுவும் செய்யாது என்று நேராகவே சொன்னார். "அவர் அந்தக் காலத்துல விரும்பிக் கேட்ட பாட்டைப் போட்டு விடுங்கம்மா. வார்த்தை மறந்தாலும் பாட்டு மறக்காது. நீங்களும் கூட உட்கார்ந்து கேளுங்க, உங்களுக்கும் நல்லது." எனக்கு என்ன நல்லது, நான் உட்கார்ந்து பாட்டு கேட்டால் பட்டனை யார் தைப்பார்கள் என்று மனதில் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனாலும் எம்.சி. ரோட்டில் இறங்கிப் பழைய சினிமாப் பாட்டு கேசட்டாகப் பார்த்து வாங்கினேன். முதல் பாட்டிலேயே, "எவன்டா அத்த போட்டது, நிறுத்து" என்றார். சாமிப் பாட்டு போட்டேன், கும்பிட்டுவிட்டு எழுந்து கதவுக்குப் போனார். எஃப்.எம். ரேடியோ வைத்தால் பாட்டை விட்டுவிட்டார், நடுவில் பேசுகிற பெண்ணைப் பிடித்துக்கொண்டார். "எப்படி இருக்கீங்க?" என்று அது உலகத்தையே கேட்கும். "நல்லா கீறேம்மா, நீ எப்டி கீற? சாப்ட்டியா?" என்று இவர் பதில் சொல்வார். அது பதில் சொல்லாமல் பாட்டைப் போட்டுவிட்டால் கோபம் வந்துவிடும். "மரியாத தெரியாத பொண்ணு" என்று எழுந்துவிடுவார்.

எனக்குப் புத்தி வந்தது ஒரு சாவு ஊர்வலத்தில். கீழே ரோட்டில் மேளத்தோடு போனார்கள். அறையை அளந்துகொண்டிருந்த அப்பா ஜன்னலோரம் நின்றார். விரல்கள் ஜன்னல் கம்பியில் தாளம் போட்டன. மேளம் மறைகிற வரை அந்தக் கால் ஓர் அடி நகரவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். டாக்டர் சொன்ன 'விரும்பிக் கேட்ட பாட்டு' இவருக்கு ஏது? இவர் கேட்கிறவரா, பாடுகிறவர் ஆயிற்றே! ஆர்பர் வேலை முடிந்து வந்தால், காசிமேட்டிலிருந்து தண்டையார்பேட்டை வரை எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அப்பாவுக்கு ஆள் வரும். பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடிய மரண கானா பாடுவார். அம்மாவுக்கு அது பிடிக்காது, வெளியிலேயே குளித்துவிட்டு உள்ளே வரச் சொல்வாள். அதனாலேயே வீட்டில் அவர் பாடி நான் கேட்டதில்லை.

அவருக்கு டோலக்கு வாசித்த தோஸ்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். மூன்று சக்கர மீன்பாடி வண்டி மிதிப்பவர். விஷயத்தைச் சொன்னதும் டோலக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார். "அண்ணாத்த, என்னத் தெர்தா?" என்று கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் டோலக்கில் நாலு தட்டு தட்டியதும் அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டு சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் கட்டாயப்படுத்தாமல் அவராக உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று! சந்தோஷத்தில் எனக்கு ஊசி கையில் குத்திவிட்டது.

"யாருக்குடா?" என்றார் அப்பா.

"சும்மாதான் அண்ணாத்த, பாடு."

"சும்மாவா? சும்மா பாட இது இன்னா டீக்கடையா? பேரு சொன்னாத்தான் பாட்டு." எழுந்துவிட்டார்.

மரண கானா அப்படித்தான். செத்தவர் பேர் என்ன, பிள்ளைகள் எத்தனை, எப்படிப் போனார், யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று வீட்டு ஆளிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் தொடங்குவார்கள். அதையெல்லாம் வைத்துத்தான் பாட்டே. பாடி முடித்ததும் மிச்சம் இருக்கிறவரின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுவது அப்பாவின் வழக்கம் என்று தோஸ்து பிறகு சொன்னார். அன்றைக்கு அவர் சமயோசிதமாக, எங்கள் தெருவில் எப்போதோ செத்துப்போன பஜ்ஜிக் கடைக்காரரின் பேரைச் சொன்னார். அப்பா மறுபடி உட்கார்ந்தார். "பசங்க எத்தினி?" என்று ஆரம்பித்து எல்லாம் கேட்டார். பிறகு காதில் கை வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

சொந்த மகள் பேரை மறந்த மனிதருக்கு அத்தனை வார்த்தைகள் எங்கே இருந்தன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எண்ணெய்ச் சட்டியைப் பற்றிப் பாடினார், வாழைக்காயைப் பற்றிப் பாடினார், கடனுக்குத் தின்றுவிட்டு ஓடியவர்களைப் பற்றிக்கூடப் பாடினார். தோஸ்து சிரிப்பை அடக்க முடியாமல் வாசித்தார். முடிந்ததும் அப்பா தோஸ்தின் கையைப் பிடித்து, "தெகிரியமா இரு" என்றார். பஜ்ஜிக் கடைக்காரரின் மகனாக நினைத்திருப்பார். பிறகு சோறு சாப்பிட்டுப் படுத்துத் தூங்கினார். நானும் தூங்கினேன்.

அதன் பிறகு அதுவே எங்கள் வைத்தியம் ஆனது. தோஸ்து வண்டியைப் போட்டுவிட்டு வருவார். தினமும் அப்பாவுக்கு ஒரு சாவு வேண்டும், நாங்கள் பழைய சாவுகளைத் தேடிப் பிடித்துக் கொடுப்போம். ரேஷன் கடை எடை போடுகிறவர், வட்டிக்கு விட்ட அம்மாள், கபடி ஆடிய பையன் என்று தெருவில் செத்தவர்களையெல்லாம் மறுபடி சாகடித்தோம். நான் தட்டைத் திருப்பிப் போட்டுக் கூடவே தாளம் தட்டுவேன். டாக்டர் சொன்னது சரிதான். அந்தக் கொஞ்ச நேரம் என் காது கதவை விட்டு வந்துவிடும். மற்ற நேரமெல்லாம் அப்பாவைப் பார்த்தாலே எரிச்சல் வரும், பாடும்போது மட்டும் பாசம் வந்தது.

எதிர் வீட்டு அக்காவுக்குத்தான் வயிறு எரிந்தது. அதிலும் நியாயம் இருந்தது, அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். "வவுத்துப் புள்ளக்காரி கீறா வூட்ல. வெளக்கு வெக்கிற நேரத்துல தெனம் ஒரு பொணத்த இட்டாந்து போட்டுகினு கீறீங்களே, நல்லா கீதா?" என்று வாசலில் நின்றாள்.

"எங்க கீது பொணம்? வந்து காட்டு" என்று நான் எகிறினேன்.

எகிறினேனே தவிர, இரண்டு நாள் பாட்டை நிறுத்தினேன். அந்த இரண்டு நாளும் அப்பா கதவை உடைக்காத குறை. "அவள எங்க வச்சி பூட்டிகினு கீறீங்க?" என்று என் கையை முறுக்கினார். நான் போட்ட சத்தத்தில் அக்காவேதான் ஓடிவந்து அவரை விலக்கினாள். என் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "கீழ தண்ணி டேங்க் கிட்ட வச்சிக்கோடி. எம் பொண்ணு காதுல உழாம இருந்தா போதும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவைக் கீழே இறக்கி, டேங்க் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். புது இடம், ரோட்டில் லாரி ஹாரன். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்காருவார், எழுந்திருப்பார், கேட் வரை போவார். நான் இழுத்துக்கொண்டு வருவேன். அவரை மடக்குவதற்காகத் தோஸ்து நிறுத்தாமல் டோலக்கைத் தட்டிக்கொண்டே இருந்தார். அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கட்டடத்துக்கு வெளியே நாற்காலி, டோலக்கு, நிற்கிற பெண்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். யார் என்று கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டார்கள், அவரவர் பங்கைச் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள். எதிரே சாமியானா கடைக்காரர் இருந்தார். முதலில் கம்பை நட்டுவிட்டுப் பிறகு விசாரிக்கிற ரகம். இரண்டு ஆட்களோடு வந்து துணியை விரித்துவிட்டார், நாற்காலிகளும் வந்து இறங்கின. "இன்னாண்ணே இது?" என்று நான் கேட்டதற்கு, "காசப் பத்தி அப்பால பேசிக்கலாம்மா, நீ அழு" என்றார். அதற்குள் எவரோ ஒரு புண்ணியவான் டெலிபோன் பூத்துக்குப் போய், திருவொற்றியூரில் இருக்கும் என் அத்தைக்குச் சொல்லிவிட்டிருக்கிறார். நோயாளி இருக்கிற வீடு, வேறு யாராக இருக்கும் என்று அவராகவே முடிவு கட்டியிருக்கிறார்.

அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினாள். அப்பாவுக்கு மூத்தவள். ஆளுயர மாலையைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, "எந் தம்பி, என் ராசா, போய்ட்டியாடா" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். வந்தவள் எதிரில் தம்பி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு நொடி அவள் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு, "அடப் பேமானிங்களா! உசிரோட குந்திகினு கீறான்டா!" என்று போட்டாள் ஒரு சத்தம். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானமும் கோபமும் அலுப்புமாகச் சேர்ந்து அழுகைதான் வந்தது. இந்த மனிதரை உட்கார வைக்க நான் இன்னும் எந்தக் கூத்தெல்லாம் ஆட வேண்டும் என்று நின்ற இடத்திலேயே அழுதேன்.

அப்பா மாலையைப் பார்த்தார். சாமியானாவைப் பார்த்தார். நாற்காலி வரிசையைப் பார்த்தார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த இடத்துக்கு வந்துவிட்டார் என்று பார்த்ததுமே புரிந்தது. அழுகிற ஆளிடம்தான் கேட்க வேண்டும் என்பது கானா பாடுகிறவர்கள் முறை. அங்கே அழுதுகொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

"யம்மா" என்று என்னைக் கூப்பிட்டார், யாரோ வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது போல. "அழாத. பேரு இன்னா சொல்லு."

தோஸ்து அவசரமாக ஏதோ ஒரு பேரைச் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்து போயிருந்தது. அம்மாவின் பேரைச் சொன்னேன். டோலக்கு நின்றது.

அப்பா அந்தப் பேரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இப்போது தரையில் விழப்போகிறார் என்று அவரைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அவர் விழவில்லை.

"பசங்க எத்தினி?"

"ஒரே பொண்ணு."

"எப்டி போச்சி?"

"நெஞ்சு வலி. அடுப்பாண்டயே."

"வூட்டுக்காரரு கீறாரா?"

"கீறாரு."

"இன்னா வேல?"

"ஆர்பர்ல இருந்தாரு. இப்ப வூட்லதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவுருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"சொன்னோம். மறந்து மறந்து தேடறாரு" என்றேன்.

"பாவம் அந்த ஆளு" என்றார் அப்பா. காதில் கை வைத்தார். தோஸ்து அழுதுகொண்டே வாசித்தார்.

*ஒல கொதிச்சு வழியுதம்மா அரிசி போட ஆளக் காணோம்*
*ஆர்பர் வுட்டு வந்தவனுக்குக் கதவத் தொறக்க ஆளக் காணோம்*

அம்மா பேரைச் சொல்லிச் சொல்லிப் பாடினார். நெடுநேரம் பாடினார். சாமியானாக்காரர் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். எதிர் வீட்டு அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள், நானும் அவளைக் கட்டிக்கொண்டு அம்மாவுக்காக அழுதேன். அம்மா செத்த அன்றுகூட எனக்கு அப்படி அழ நேரமில்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்ளவே சரியாக இருந்தது.

பாடி முடித்ததும் அப்பா எழுந்தார். நாற்காலி வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். "அந்த வூட்டுக்காரரு எங்க? கையப் புட்ச்சி ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போறேன்." அத்தை, "டேய் தம்பி, அது நீதான்டா..." என்று ஆரம்பித்தாள். நான் பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினேன்.

"மேல கீறாரு" என்றேன். "வா, காட்றேன்."

எத்தனையோ மாதங்களாக அந்தக் கதவிலிருந்து வெளியே போக மட்டுமே துடித்த மனிதர், படிகளில் எனக்கு முன்னால் ஏறினார். உள்ளே போனதும் அறையைச் சுற்றிப் பார்த்தார். சமையல் மூலையில் எட்டிப் பார்த்தார். "எங்க?" என்றார். "இன்னும் சாப்டல அவுரு" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். "போடு, போடு" என்று பதறினார். தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றி வைத்தேன். "கிட்ட குந்து. பொண்டாட்டி போனவன தனியா சாப்ட வுடக் கூடாது." நான் எதிரில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு அவரே பிசைந்து சாப்பிட்டார்.

அதன் பிறகு அம்மா எங்கே என்று என்னிடம் அவர் கேட்டதில்லை. கால் நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். நடந்தார், கதவைத் தட்டினார், திட்டினார். கேட்டதெல்லாம் அந்த ஆளைப் பற்றித்தான். அவர் தூங்கினாரா, வெளியே போய்விட்டாரா, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. சில நாள் நன்றாக இருக்கிறார் என்பேன். ஒரு நாள் பட்டன் வேலை தலைக்கு மேல் கிடந்தது, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அலுப்பில் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

"எப்டி கீறாரு அந்த ஆளு?"

"தேடிகினேதான் கீறாரு நைனா. நிக்கவே மாட்றாரு."

அவர் நடையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "தேடத்தான் செய்வான்" என்றார். "கோச்சிக்காத. கூடவே இரு."

"கூடத்தான் கீறேன்" என்றேன்.